புற்றுநோய்ச் செல்லின் சட்டகம்: புரிந்துகொள்ளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாடப்புத்தகப் படத்தில் செல் சட்டகம் என்பது செல்லுக்குள் ஓடும் சில கோடுகள். ஆக்டின் இழை, நுண்குழல், இடைநிலை இழை என்று பெயர் குறித்து, "செல்லுக்கு வடிவம் தருகிறது, நகர உதவுகிறது" என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். குளுக்கோஸ் உடைவது வேறொரு பாடத்தில் வரும். இரண்டையும் இப்படித் தனித்தனியாகப் படித்த பழக்கம்தான் புற்றுநோயைப் புரிந்துகொள்ளப் போகும்போது காலை வாரிவிடுகிறது.

குளுக்கோஸைப் படிப்படியாக உடைக்கும் கிளைகாலிசிஸின் நொதிகள் எல்லாம் சைட்டோபிளாசத்தில் தண்ணீரில் கரைந்த உப்பைப்போல் பரவிக் கிடக்கின்றன என்று நினைப்பது முதல் தவறு. நான்காம் படியைச் செய்யும் ஆல்டொலேஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பகுதி ஆக்டின் இழைகளில் ஒட்டிக் கிடக்கும்; ஒட்டியிருக்கும்வரை அதற்கு வேலை ஓடாது. அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் கான்ட்லியின் குழு 2016-ல் மார்பக எபிதீலியச் (உள்பரப்பை மூடும்) செல்களில் இதைக் காட்டியது. வளர்ச்சிக்கான சமிக்ஞை வந்ததும் பிஐ3கே என்ற நொதி, ஆக்டினை மாற்றியமைக்கும் ராக் என்ற புரதத்தைத் தூண்டுகிறது, ஆக்டின் வலை கலைந்து மாறுகிறது, ஆல்டொலேஸ் விடுபடுகிறது, குளுக்கோஸ் வேகமாக உடைகிறது. பல புற்றுநோய்களில் இந்த பிஐ3கே பாதை ஓயாமல் இயங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒரு நொதி எவ்வளவு இருக்கிறது என்று அளந்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். எங்கே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஆய்வேடு எழுதும் மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுவே என்பது என் கருத்து.

அடுத்தது, செல் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதை மறந்துவிடுவது. செல் உயிரியலாளர் கவுடென்ஸ் டானுசரின் குழு 2020-ல் நுரையீரல் மூச்சுக்குழாய்ச் செல்களை மென்மையான தளத்திலும் கடினமான தளத்திலும் வளர்த்துப் பார்த்தது. கடினமான தளத்தில் தடித்த ஆக்டின் கற்றைகள் உருவாகி, ட்ரிம்21 என்ற புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மென்மையான தளத்தில் கற்றைகள் கரைய, ட்ரிம்21 வெளியேறி, கிளைகாலிசிஸின் முக்கியக் கட்டுப்பாட்டு நொதியான பாஸ்போஃபிரக்டோகைனேஸை அழிவுக்கு அனுப்புகிறது. சர்க்கரை உடையும் வேகம் குறைகிறது. ஆரோக்கியமான செல் இப்படித் தன் இடத்துக்கு ஏற்பச் செலவைக் குறைத்துக்கொள்கிறது. நுரையீரல் புற்றுநோய்ச் செல்களோ தளம் மென்மையானாலும் வேகத்தைக் குறைக்கவில்லை: ட்ரிம்21-ஐயே குறைத்துக்கொண்டு, மிச்சமிருப்பதையும் கலையாத கற்றைகளில் கட்டிவைத்திருந்தன.

நாம் வழக்கமாகச் செல் வளர்க்கும் பிளாஸ்டிக் தட்டு மார்பகத் திசுவைவிடப் பல லட்சம் மடங்கு கடினமானது. அதில் அளந்த வளர்சிதை மாற்றத்தை அப்படியே உடலுக்குப் பொருத்தினால் எவ்வளவு பிசகும் என்று எண்ணிப் பாருங்கள்.

கட்டி கல்லுப்போல் இருக்கிறது, அதனால் புற்றுநோய்ச் செல்லும் கடினமானது என்று சொல்வதும் தவறு. கடினம் பெரும்பாலும் செல்லுக்கு வெளியே குவிந்து பின்னிக்கொண்ட கொலாஜன் என்ற நார்ப் புரதத்தால் வருவது. நோயாளிகளின் நுரையீரல் உறையில் தேங்கிய நீரிலிருந்து எடுத்த செல்களை 2007-ல் அணுவிசை நுண்ணோக்கியின் நுண்ணிய முனையால் அழுத்திப் பார்த்தார்கள். பரவிய புற்றுநோய்ச் செல்கள் அதே நீரில் இருந்த சாதாரணச் செல்களைவிட 70 சதவீதத்துக்கும் மேல் மென்மையாக இருந்தன. குறுகிய இடுக்குகளில் நுழைந்து போகவேண்டிய செல்லுக்கு அந்த நெகிழ்வு உதவுகிறது.

ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க் சொன்னதால், புற்றுநோய்ச் செல்லில் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதாகிவிட்டது என்று இன்னும் பலர் எழுதுகிறார்கள். ஆக்சிஜன் இருந்தும் புற்றுநோய்ச் செல்கள் குளுக்கோஸை லாக்டேட்டாக்குகின்றன என்று அவர் கண்டது சரி. பழுதுதான் காரணம் என்ற விளக்கம் பெரும்பாலான புற்றுநோய்களுக்குப் பொருந்தவில்லை. இங்கேயும் சட்டகம் குறுக்கே வருகிறது. டியூபுலின் என்பது நுண்குழலைக் கட்டும் புரதம். நுண்குழலில் சேராமல் தனியே திரியும் டியூபுலின், மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் பொருள்கள் போய்வரும் விடாக் என்ற வாயிலை அடைக்கக்கூடியது. ஹெப்ஜி2 கல்லீரல் புற்றுநோய்ச் செல்களில் நுண்குழல்களைக் கலைத்து டியூபுலினைப் பெருக்கியபோது மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு மின்னழுத்தம் இறங்கியது. அதாவது மைட்டோகாண்ட்ரியா பழுதாகாமலேயே, சட்டகத்தின் நிலையைப் பொறுத்து அதன் இயக்கம் மாறலாம்.

மருந்துப் பக்கம் வந்தால், நுண்குழல் மருந்துகள் செல் பிரிவதை மட்டுமே தடுக்கின்றன என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வரும் வின்கிறிஸ்டின் நுண்குழல் உருவாவதைத் தடுக்கிறது. பசிபிக் யூ மரப்பட்டையில் கண்டெடுத்த பாக்லிடாக்செல் நேர்மாறாக, உருவான குழலைக் கலையவிடாமல் இறுக்குகிறது. இரண்டுமே நரம்பைப் பாதிக்கும். நரம்புச் செல் பிரிவதே இல்லை. ஆனால் அதன் நீண்ட வாலில் மைட்டோகாண்ட்ரியா உட்பட எல்லாச் சரக்கும் நுண்குழல் வழியேதான் போகிறது. அதனால்தான் சிகிச்சையில் இருப்பவர்கள் விரல் நுனி மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தான் போடவே தடுமாறுகிறார்கள். வீட்டில் யாருக்காவது அப்படி இருந்தால் பலவீனம் என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவை மாற்ற வழியுண்டு.

அப்படியானால் ஆக்டினையே தகர்த்துவிடலாமே என்று கேட்பார்கள். இதயத் தசை சுருங்குவதும் ஆக்டினால்தான். அதைப் பொதுவாகக் கலைக்கும் பொருளை நோயாளிக்குக் கொடுக்க முடியாது. "சர்க்கரையை அடியோடு நிறுத்தினால் கட்டி பட்டினியில் சாகும்" என்ற அறிவுரை இதைவிட ஆபத்தானது. சாப்பாட்டில் இல்லாத குளுக்கோஸைக் கல்லீரல் தயாரித்துவிடும். சாப்பாடு குறைந்தால் இளைப்பது நோயாளிதான். இளைத்த உடம்பு அடுத்த சுற்றுக் கீமோவைத் தாங்குவது கடினம்.