எல்லாத் தெருப் பெண்களும் கிராம சபையில் பேச: கடலோர ஊராட்சிகளுக்கு ஒரு செய்முறை

ராமநாதபுரம் மாவட்டத்தின் பாம்பன், தங்கச்சிமடம், பெரியபட்டினம், வாலிநோக்கம் போன்ற கடலோர ஊராட்சிகளில் பெண்களுக்குத் தலைமைப் பயிற்சி நடத்துவோர் பலர். முடிவில் பேசுவது பெரும்பாலும் ஒரே தெருப் பெண்கள்தான். பட்டியல் சாதிக் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள் பாய் விரித்துக் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்காருகிறார்கள். இதைத் தடுப்பது பாடத்தில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது.

முதலில் நாள். கடற்பாசி எடுக்கும் பெண்கள் அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் கடலில் இருப்பார்கள். அந்த நாட்களில் கூட்டம் வைத்தால் வேலைக்குப் போகாதவர்கள் மட்டுமே வருவார்கள். ஏற்றவை அஷ்டமி, நவமியை ஒட்டிய நாட்கள். அஷ்டமியில் நல்ல காரியம் தொடங்குவதா என்று முணுமுணுப்பு வரும். தொடக்கக் கூட்டத்தை மட்டும் தசமிக்குத் தள்ளிவிடுங்கள். ஞாயிறு காலை பூசை, வெள்ளி மதியத் தொழுகை நேரங்களைத் தவிருங்கள். செப்டம்பர் 11 (இமானுவேல் சேகரன் நினைவு நாள்), அக்டோபர் 30 (தேவர் குருபூஜை) இரண்டையும் ஒட்டிய நாட்களும் வேண்டாம். மாவட்டத்தில் தடையுத்தரவு, வாகனக் கட்டுப்பாடு எல்லாம் அப்போதுதான் வரும்.

பதினைந்து நாளுக்கு ஒன்றாக எட்டு அமர்வு, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம்: நான்கு மாதத்தில் முடியும். அக்டோபர் 2 கிராம சபையை இலக்காக வைத்தால் ஜூன் தொடக்கத்தில் ஆரம்பிக்கலாம். விசைப்படகுத் தடைக்காலம் ஜூன் 14 வரை நீடிக்கும். பாசி எடுப்பவர்களும் ஏப்ரல் முதல் ஜூன் வரை கடலுக்குப் போவதில்லை. கையில் காசு இருக்காது, நேரம் இருக்கும். அதனால் பயணப்படி கட்டாயம் கொடுங்கள். எல்லாருக்கும் ஒரே தொகை.

ஆட்கள் 24 பேர் போதும். சுய உதவிக் குழுத் தலைவிகளை மட்டும் கூப்பிட்டால் படகு வைத்திருக்கும் வீட்டுப் பெண்களே நிறைவார்கள். பாதிப் பேர் பட்டியல் சாதிக் குடியிருப்பிலிருந்து வரட்டும். மீதியில் கருவாடு விற்பவர், உப்பளத்துக்குப் போகிறவர், கணவரை இழந்தவர் இருக்கட்டும். ஒரு தெருவிலிருந்து குறைந்தது மூன்று பேர். தனியாக வருகிறவள் எட்டு அமர்விலும் வாய் திறக்கமாட்டாள்.

கோவில் மண்டபம், சர்ச் ஹால், ஜமாஅத் கட்டடம் மூன்றும் வேண்டாம். பள்ளிக்கூடம் அல்லது ஊராட்சிக் கட்டடம் நல்லது. எல்லாரும் தரையில், இல்லையென்றால் எல்லாரும் நாற்காலியில். கலந்து போட்டால் யார் எங்கே உட்காருவார்கள் என்பது முன்பே தெரிந்ததுதான். டீ ஊற்றும் முறை தெருவாரியாகச் சுற்றட்டும். கூப்பிடும் முறையையும் கவனியுங்கள். அறுபது வயதுப் பெண்ணைப் பெயர் சொல்லி அழைத்துவிட்டு, முப்பது வயதுக்காரியை அக்கா என்பது இங்கே சாதாரணம். முதல் நாளே எல்லாருக்கும் அக்கா என்று வைத்துவிடுங்கள். பதிவேடு, பணப்பை, கூட்டத் தலைமை மூன்றும் சீட்டுக் குலுக்கி மாறட்டும். எழுதத் தெரியாதவர் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் எழுதுவார், பொறுப்பு சொன்னவருடையது. சமபந்தி வைத்துப் படம் எடுப்பதைவிட இது சிரமம், பலன் அதிகம்.

முதல் இரண்டு அமர்வும் நடைதான். வெவ்வேறு தெருக்காரர் இருவராகச் சேர்ந்து ஊர் முழுக்க நடந்து, வீடுகள், குடிநீர்க் குழாய்கள், தெருவிளக்குகள், சுடுகாட்டுப் பாதை எல்லாவற்றையும் எண்ணிச் சார்ட்டில் குறிக்க வேண்டும். "அங்கே தண்ணீர் வராது" என்பது "40 வீட்டுக்கு 2 குழாய், இங்கே 40 வீட்டுக்கு 9" என்று மாறும் இடம் இதுதான். அவசரப்பட்டு இதைச் சுருக்காதீர்கள். அடுத்த இரண்டில் ஊராட்சி வரவு செலவுக் கணக்கை வாசிக்கப் பழக்குங்கள். பிறகு இரண்டு அமர்வு மைக்கில். ஒருவருக்கு இரண்டு நிமிடம்: என்ன குறை, எந்தத் தெரு, எத்தனை வீடு, எந்த அலுவலகம், எந்தத் தேதிக்குள். ஏழாவதில் மனு, எட்டாவதில் ஒத்திகை. ஒத்திகையில் ஒருவர் குறுக்கே கத்தும் ஆளாக நடிக்கட்டும். அந்த வேடத்துக்குப் போட்டியே நடக்கும்.

ஒரு தெருவின் குறையை அந்தத் தெருப் பெண் முன்மொழிய வேண்டும், வேறு தெருப் பெண் வழிமொழிய வேண்டும். முன்மொழிபவள் தனியாகப் பேசினால் "சாதியைக் கிளப்புகிறாள்" என்று அடக்கிவிடுவார்கள். அவளுக்காக வேறொருத்தி பேசினால் தலைமை கைமாறிப் போகும்.

கிராம சபைக்கு இத்தனை பேராவது வர வேண்டும் என்ற வரம்பு உண்டு: மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஆள் குறைந்தால் தீர்மானம் செல்லாது. ஆகவே அந்த 24 பேரும் ஆளுக்கு நான்கு பேரைக் கூட்டி வரட்டும். தீர்மானம் எழுதி வாசிக்கப்பட்ட பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வெற்றுப் பக்கத்தில் முன்கூட்டியே வாங்கப்படும் கையெழுத்துதான் பல ஊர்களில் எல்லாவற்றையும் கெடுக்கிறது. ராமேஸ்வரம், கீழக்கரை நகராட்சிகளில் கிராம சபை கிடையாது. அங்கே பகுதி சபை.

பேசியவளுக்கு மறுநாள் நெருக்கடி வரலாம். பாசி வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் முதலில் அங்கிருந்துதான் வரும். அதனால் யாருக்கு யாரிடம் கடன் என்பதை முன்பே தெரிந்துகொண்டு, வியாபாரியைத் தொடும் குறையைக் கடன் இல்லாதவர் பேசட்டும். மிரட்டல் என்றால் அன்றைக்கே தேதி, நேரம், சாட்சி எழுதி வையுங்கள். பெண்கள் உதவி எண் 181, வன்கொடுமைத் தடுப்பு உதவி எண் 14566. பட்டியல் சாதித் தலைவர் அல்லது உறுப்பினரை மிரட்டி ஊராட்சி வேலையைச் செய்யவிடாமல் தடுப்பது, 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எம்) பிரிவில் குற்றம். எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம்.

தீர்மான நகல் தரவில்லை என்றால், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் தீர்மான எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பதிலுக்கு 30 நாள். விண்ணப்பம் முன்மொழிந்தவர் பெயரிலேயே போகட்டும்.