30 சதவீதம் குறைந்தால் ‘பலன்’: சீன மருத்துவக் கணக்கில் சறுக்கும் இடங்கள்

சாப்பிட்டதும் வயிறு உப்புகிறது என்று ஒருவர் சீன மருத்துவரிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மருந்து கேட்டதா என்று அளக்க, சீனாவில் 2002இல் வந்த ஆய்வு வழிகாட்டுதல்படி முதன்மை அறிகுறிக்கு 0, 2, 4, 6; துணை அறிகுறிக்கு 0, 1, 2, 3 என்று மதிப்பெண். தொந்தரவு கூடினால் எண்ணும் கூடும். அவருக்கு உப்புசம் 6, பசியின்மை 4, இளகிய மலம் 4, துணை அறிகுறிகள் சேர்த்து 6. மொத்தம் 20.

ஒரு மாதம் மருந்து குடித்தபின் பசியின்மை 2, மலம் 2, துணை அறிகுறிகள் 4. உப்புசம் அதே 6. மொத்தம் 14, அதாவது 20இலிருந்து 30 சதவீதம் குறைந்திருக்கிறது. அந்தக் கணக்கில் 30ஐத் தொட்டாலே ‘பலன் உண்டு’. 70 என்றால் ‘நல்ல பலன்’, 95 என்றால் ‘குணம்’. வந்தவர் வந்ததோ உப்புசத்துக்கு. அது இம்மிகூட அசையவில்லை! மொத்தத்தை மட்டும் பார்ப்பதுதான் முதல் தவறு. ‘பலன் உண்டு’, ‘நல்ல பலன்’, ‘குணம்’ என்ற மூன்று வகையையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘மொத்தப் பலன் விகிதம்’ என்று போடுவார்கள். மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் அந்த எண்ணை நம்பாதீர்கள்.

அடுத்தது, எதோடும் ஒப்பிடாமல் விடுவது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் வைத்தியரைத் தேடுவோம்; அதன்பின் அது தானாகவும் தணியும். 2007இல் ஜெர்மனியில் 1162 முதுகுவலிக்காரர்களிடம் நடந்த அக்குபஞ்சர் ஆய்வில், ஆறு மாதம் கழித்து அக்குபஞ்சர் புள்ளிகளில் முறைப்படி ஊசி குத்திக்கொண்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்குத் தேவலை. ஒப்பிடுவதற்காக வேண்டுமென்றே அந்தப் புள்ளிகளை விட்டு வேறிடத்தில் மேலோட்டமாகக் குத்திக்கொண்டவர்களிலும் 44.2. வழக்கமான சிகிச்சையில் 27.4. நடுவில் உள்ள அந்த 44.2 இல்லாவிட்டால் முழுப் பெருமையும் புள்ளிகளுக்கே போயிருக்கும்.

அடுத்த சறுக்கல் சோதனையில். சீன மருத்துவர் நாக்கின் மேலுள்ள படிவையும் நாடியையும் பார்த்து நிலையைக் கணிப்பார். நாக்கு பார்க்கும் நாளில் காபி குடித்துவிட்டுப் போனால் படிவு பழுப்பாகத் தெரியும். வழித்துவிட்டுப் போனால் படிவே இருக்காது. மாடிப்படி ஏறிய மூச்சோடு நாடி கொடுப்பதும் இந்த ரகம்தான். (நம் சித்த வைத்தியர் மூன்று விரலில் பார்ப்பது வாதம், பித்தம், கபம். சீனர்கள் இரு மணிக்கட்டிலும் மும்மூன்று இடங்களில் உள்ளுறுப்புகளைத் தேடுகிறார்கள். இரண்டையும் குழப்ப வேண்டாம்.)

கேள்வி கேட்கும் விதமும் கெடுக்கும். “இப்போ பரவாயில்லையா?” என்றால் மரியாதைக்காவது “பரவாயில்லை டாக்டர்” என்றுதான் பதில் வரும். “நேற்று ராத்திரி சாப்பிட்டு எவ்வளவு நேரம் வயிறு கல்லு மாதிரி இருந்தது?” என்று முதல் நாள் கேட்டிருந்தால், கடைசி நாளும் அதையே கேட்க வேண்டும்.