நிற்கும் வண்டியை ஐந்து நிமிஷம் ஓடவிடாதீர்கள்: வீட்டில் பைக் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வோல்டேஜ், கரண்ட் அளக்கும் மல்டிமீட்டரும் ஸ்பேனர் செட்டும் வாங்கி, வீட்டிலேயே வண்டி பார்க்கத் தொடங்குகிறவர்கள் இப்போது நிறையப் பேர். நல்ல விஷயம்தான். ஆனால் முன்பு நாங்கள் எந்தெந்த இடத்தில் காசை விட்டோமோ, அதே இடங்களில்தான் இவர்களும் விடுகிறார்கள். ஆயில் மாற்றாமல் ஓட்டுவது, டயர் வழுக்கையான பிறகும் ஓட்டுவது எல்லாம் சொல்லாமலே தெரிந்தவை. அவற்றை இங்கே எடுக்கவில்லை. வண்டிக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு செய்கிற தவறுகள்தான் இங்கே பேச்சு.

நிற்கும் வண்டியை வாரம் ஒருமுறை ஐந்து நிமிஷம் ஓடவிடுவது

மகனுக்கு வெளியூரில் வேலை. வண்டி வீட்டு போர்டிகோவில் நிற்கும். "அப்பா, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடுங்க, பேட்டரி எறங்காம இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போவான். அப்பாவும் ஒரு வாரம்கூட விடாமல் செய்வார். பொங்கலுக்கு வந்து செல்ஃபை அழுத்தினால் ரிலேயின் 'டக் டக்' சத்தம் மட்டும் கேட்கும். புது பேட்டரி போடுவார்கள். அடுத்த பொங்கலுக்கும் அதே கதைதான். பேட்டரி கம்பெனியைத் திட்டுவார்கள், சில வீடுகளில் அப்பாவையும். அப்பா சொன்னபடிதான் செய்தார். சொன்ன யோசனைதான் தப்பு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். 100 முதல் 125 சிசி வண்டிகளில் இருப்பது பொதுவாக 12 வோல்ட், 3 முதல் 5 ஆம்பியர்-மணி (எத்தனை ஆம்பியரை எத்தனை மணி நேரம் தரும் என்கிற கொள்ளளவு) பேட்டரி. நடுவில் 4 என்று வைத்துக்கொள்வோம். சாவியை எடுத்த பிறகும் மீட்டரில் உள்ள கடிகாரம், இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), அலாரம் இருந்தால் அலாரம் எல்லாம் சொட்டுச் சொட்டாகக் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். 3 மில்லி ஆம்பியர் என்றே வைத்தாலும், ஏழு நாளில் சுமார் அரை ஆம்பியர்-மணி போய்விடும். பேட்டரியில் எட்டில் ஒரு பங்கு. வெயிலில் நிற்கும் பேட்டரி தானாக இறங்குவது இதற்கு மேல்.

ஞாயிற்றுக்கிழமை செல்ஃப் அடிக்கும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் 50, 60 ஆம்பியர் வரை இழுக்கும். மூன்று விநாடி அழுத்தினால் 0.05 ஆம்பியர்-மணி காலி. இப்போது எஞ்சின் 1,400, 1,500 ஆர்பிஎம்மில் ஐடிலில் ஓடுகிறது. எஞ்சினோடு சுழன்று கரண்ட் உண்டாக்கும் மேக்னெட்டோ அந்த வேகத்தில் தருவது கொஞ்சம்தான். அதன் முழு பலம் வெளிப்படுவது ஆக்ஸிலரேட்டரை முறுக்கி ஓட்டும்போது. வருகிற கொஞ்சத்திலும் முதல் பங்கு ஹெட்லைட்டுக்கு. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் அதை அணைக்க ஸ்விட்சே கிடையாது. 35 வாட் பல்பு என்றால் அது மட்டுமே மூன்று ஆம்பியர் அளவுக்குச் சாப்பிடும். பியூவல் இன்ஜெக்ஷன் வண்டியில் பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், இக்னிஷன் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. மிச்சம் பேட்டரிக்கு அரை ஆம்பியர் போகிறது என்று வைத்தால், ஐந்து நிமிஷத்தில் ஏறுவது 0.04 ஆம்பியர்-மணி. செல்ஃப் அடித்த செலவுக்கே அது கட்டவில்லை. வாரம் முழுக்க இறங்கிய அரை ஆம்பியர்-மணி அப்படியே கடனாக நிற்கிறது. எல்இடி ஹெட்லைட் உள்ள வண்டியில் இரண்டு ஆம்பியர் ஏறினாலும், வாரக் கடனில் மூன்றில் ஒரு பங்குகூடத் தீராது. பழைய பல்பு வண்டியோ, நான்கு வாரத்தில் பாதி பேட்டரியை இழந்துவிடும்.

பாதி காலியாகவே கிடக்கும் பேட்டரியில் ஈயத் தகடுகள் மேல் லெட் சல்பேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் கெட்டியான படிகமாக இறுகிவிடும், பிறகு எந்த சார்ஜரும் அதை முழுதாக மீட்டுத் தராது. இப்படிப்பட்ட பேட்டரியை வெளியே எடுத்துச் சார்ஜ் போட்டால் சீக்கிரமே 'ஃபுல்' என்று காட்டும், வண்டியில் மாட்டி செல்ஃப் அடித்தால் 9 வோல்ட்டுக்குக் கீழே விழும்.

இதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். சூடான எஞ்சினில் அது புகையோடு போய்விடும். ஐந்து நிமிஷத்தில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராது. சைலன்சரின் கடைசிப் பகுதி தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். ஆவி உள்ளேயே தண்ணீராகித் தங்கும். சைலன்சர் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஆயில் மூடியைத் திறந்தால் அடிப்பக்கத்தில் பால் கலந்த காபி நிறத்தில் ஒரு பசை ஒட்டியிருக்கும். இரண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டியில் அந்தப் பசையைப் பார்த்தால், அது ஞாயிற்றுக்கிழமை தோறும் ஐந்து நிமிஷம் ஓடிய வண்டியாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

சரியான வழி மூன்று உண்டு.

வண்டியை எடுக்க ஆள் இருந்தால், வாரத்துக்கோ பத்து நாளுக்கோ ஒருமுறை அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டுங்கள். 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் பேட்டரியும் ஏறும், எஞ்சினில் உள்ள ஈரமும் காயும். தெரு முனைக் கடைவரை போய் வருவது கணக்கில் சேராது.

ஓட்ட ஆள் இல்லை, மூன்று வாரத்துக்கு மேல் நிற்கும் என்றால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். சாவி ஆஃப். கருப்பு வயரை முதலில் எடுக்க வேண்டும். சிவப்பில் ஸ்பேனர் இருக்கும்போது அதன் மறுமுனை சேஸில் பட்டால் ஷார்ட் ஆகும். கருப்பை முதலில் எடுத்துவிட்டால் அந்த ஆபத்து இல்லை. மாட்டும்போது சிவப்பு முதலில், கருப்பு கடைசியில். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தால் வெந்நீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து பழைய பிரஷ்ஷால் தேயுங்கள். காய்ந்த பிறகு வயரை மாட்டி, போல்ட்டை இறுக்கி, அதற்கு மேலே வாசலின் தடவுங்கள். வாசலினைத் தடவிவிட்டு வயரை மாட்டுவது தலைகீழ் வேலை.

மூன்றாவது, மாதம் ஒருமுறை சார்ஜர். பேட்டரியின் ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் போதும்: 4 என்றால் 0.4 ஆம்பியர், 8 என்றால் 0.8. சீல் செய்த பேட்டரிக்கு வோல்டேஜ் 14.4 அளவில் நின்று, நிறைந்ததும் தானாகக் குறையும் ஸ்மார்ட் சார்ஜர் நல்லது. கார் பேட்டரிக்கான 5, 6 ஆம்பியர் சார்ஜரை மாட்டி ராத்திரி முழுக்க விட்டால், காலையில் பேட்டரி வயிறு உப்பிக் கிடக்கும். அதைத் தூக்கி ஓரமாக வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க, வண்டி நின்று நான்கைந்து மணி நேரம் கழித்து மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து அளக்க வேண்டும். 12.7, 12.8 என்றால் நிறைவு. 12.4 என்றால் சார்ஜ் போடும் நேரம் வந்துவிட்டது. 12.2 பாதி. 12.0 என்றால் அன்றைக்கே போட வேண்டும். ஓட்டி நிறுத்திய உடனோ சார்ஜரை எடுத்த உடனோ அளந்து 13 காட்டுகிறதே என்று திருப்திப்படாதீர்கள். அது தகட்டின் மேற்பரப்பில் நிற்கும் சார்ஜ், கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும்.

காரணம் பார்க்காமல் பேட்டரி மாற்றுவது

வருஷத்துக்கு ஒரு பேட்டரி போகிறது என்றால் சார்ஜிங்கைப் பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டு, மீட்டர் முனைகளை பேட்டரி டெர்மினலிலேயே வைத்து, 4,000 ஆர்பிஎம் அளவுக்கு முறுக்குங்கள். 13.8 முதல் 14.5 வரை வந்தால் சரி. 15-ஐத் தாண்டினால், சார்ஜிங் வோல்டேஜை அளவோடு வைக்கும் ரெகுலேட்டர் போய்விட்டது. அது எத்தனை புது பேட்டரி போட்டாலும் கொதிக்க வைத்துத் தின்றுவிடும். 13-ஐத் தாண்டாவிட்டால் உடனே ஸ்டேட்டர் காயிலுக்கு (மேக்னெட்டோவில் கரண்ட் உண்டாகும் கம்பிச்சுருள்) காசு எடுக்க வேண்டாம். ரெகுலேட்டருக்குப் போகும் கப்ளரை, அதாவது வயர்கள் சேரும் பிளக்கை, கழற்றிப் பாருங்கள். ஒரு பின் மட்டும் கருகி, பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருப்பது அடிக்கடி காணும் காட்சி. சேஸில் எர்த் போல்ட் துருப்பிடித்திருந்தாலும் இதே குறைதான் தெரியும்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்ப்பது

'சார்ஜ் ஆகிறதா' என்று பார்க்கப் பழைய கார்பரேட்டர் வண்டிகளில் செய்த வித்தை இது. பேட்டரி விலகியதும் வோல்டேஜ் எகிறும். இப்போதைய வண்டியில் அது இசியூவுக்கே வேட்டு.

சீல் பேட்டரியின் மூடியை நெம்பித் தண்ணீர் ஊற்றுவது

வேண்டாம்.

தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும், மேல் கோட்டுக்குக் கீழே வரை. ஆர்ஓ தண்ணீரும் கூடாது, ஆசிட்டும் கூடாது. ஆவியாகிப் போவது தண்ணீர்தான். ஆசிட் உள்ளேயே இருக்கிறது.

காரின் எஞ்சினை ஓடவிட்டு பைக்கை ஜம்ப் செய்வது

காரை அணைத்துவிட்டு, அதன் பேட்டரியிலிருந்து பைக் பேட்டரிக்கு ஜம்ப் வயரை மாட்டுங்கள். பைக்கை ஸ்டார்ட் செய்ய கார் பேட்டரியில் இருப்பதே தாராளம்.

செயினைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டுவது

செயின் தொங்கினால் சத்தம் வரும், அதனால் டைட் செய்தால் நல்லது என்று நினைக்கிறார்கள். ஆள் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் இறங்கி, முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் (செயின் மாட்டும் பல்சக்கரம்) பின் அச்சுக்கும் இடையே தூரம் கூடும். நிற்கும்போதே விறைப்பாக இருந்த செயின், பள்ளத்தில் விழும்போது கியர்பாக்ஸ் அவுட்புட் பேரிங்கைப் பிடித்து இழுக்கும். செயின் செட்டை மிச்சம் பிடிக்கப்போய், எஞ்சினைப் பிரிக்கும் வேலை வந்துசேரும். கீழ்ச் செயினின் நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால் பெரும்பாலான வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட வேண்டும். சரியான அளவும், சைடு ஸ்டாண்டிலா சென்டர் ஸ்டாண்டிலா என்பதும் மேனுவலில் இருக்கும்.

ஒரே இடத்தில் அளந்து முடிவு செய்வது இன்னொரு பிசகு. செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. சக்கரத்தைக் கையால் சுற்றி நான்கு இடத்தில் பாருங்கள். எங்கே அதிகம் விறைக்கிறதோ அந்த இடத்தை வைத்து அளவு பிடியுங்கள். இறுக்கும்போது இரண்டு பக்கத்து அட்ஜஸ்டர் கோடுகளும் ஒரே எண்ணில் நிற்க வேண்டும். துடைக்க மண்ணெண்ணெயோ டீசலோ போதும். பெட்ரோல் வேண்டாம், ஓ-ரிங் செயினில் ரப்பர் வளையங்கள் கெட்டு உள்ளே உள்ள கிரீஸ் போய்விடும்.

எஞ்சினைக் கியரில் ஓடவிட்டு செயின் துடைப்பது

விரல் போகும்.

கார் ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று பைக்குக்கு ஊற்றுவது

பெரும்பாலான பைக்குகளில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். கார் ஆயில்களில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சரக்கு கலந்திருக்கும்; கிளட்ச் பிளேட்டுக்கு அது ஆகாது. கிளட்ச் வழுக்கி, மேட்டில் ஆக்ஸிலரேட்டர் முறுக்கினால் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்ற பைக் ஆயில் தரக்குறி இருக்கிறதா பாருங்கள். கிரேடு மேனுவலில் சொன்னதே. 10டபிள்யூ-30 கேட்கும் வண்டிக்கு 'கெட்டியாக இருந்தால் நல்லது' என்று 20டபிள்யூ-50 ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்த உடனே தலைப்பகுதிக்கு ஆயில் ஏறத் தாமதமாகும்.

ஆயில் மாற்றும்போது டிரெயின் போல்ட்டை முதல் மூன்று நான்கு சுற்று விரலாலேயே ஏற்றுங்கள். எஞ்சின் அலுமினியம், போல்ட் இரும்பு. கோணலாக ஏறினால் போல்ட்டுக்கு ஒன்றும் ஆகாது, எஞ்சினின் மரைதான் போகும். நீளமான கைப்பிடியில் தொங்கி இறுக்குவதும் அங்கேதான் கொண்டுபோய் விடும். வாஷரைப் புதிதாகப் போட்டால் மிதமான இறுக்கத்திலேயே கசியாது.

பிரஷர் வாட்டரை நேராக அச்சில் அடிப்பது

சக்கர பேரிங், ஸ்டீயரிங் கோன், சீட்டுக்கு அடியில் உள்ள கப்ளர்கள்: இந்த மூன்று இடத்திலும் பைப் தண்ணீர் போதும்.

பிரேக் பேட் மாற்றியதும் வண்டியை எடுப்பது

புதுப் பேடுக்கு இடம் கொடுக்க, பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பீர்கள். அப்போது ஹேண்டில்பாரில் பிரேக் லீவரோடு இருக்கும் மாஸ்டர் சிலிண்டரில் பிரேக் ஆயில் மேலேறும். மூடியைக் கழற்றி, பெட்ரோல் டேங்க் மேல் துணி போட்டுவிட்டுத் தள்ளுங்கள், ஒரு சொட்டு விழுந்தாலும் பெயிண்டைத் தின்றுவிடும். டாட் 4 என்று (பிரேக் ஆயிலின் வகை) மூடியில் எழுதியிருந்தால் டாட் 4 மட்டும். டாட் 5 என்பது சிலிக்கான், அதோடு கலக்கக் கூடாது. டிஸ்க்கின் மேல் கை எண்ணெயோ செயின் ஸ்ப்ரேயோ பட்டிருந்தால் பிரேக் கிளீனரால் துடைத்துவிடுங்கள். எல்லாம் மாட்டி முடித்த பிறகு முதல் அழுத்தலில் லீவர் ஹேண்டில்பார் வரை வந்து தொடும், பிரேக் பிடிக்காது. கேட்டுக்கு வெளியே சரிவில் இறங்கும்போதுதான் பலருக்கு இது தெரிய வருகிறது. வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போதே லீவரைத் திரும்பத் திரும்ப அழுத்துங்கள். கெட்டியாகி, விரலை எதிர்த்து நின்ற பிறகு சாவியைப் போடுங்கள்.