பட்டி நாயும் கோழிக்குஞ்சும்: என் அனுபவம்

தம்பலகாமத்தில் எங்கள் ஆட்டுப்பட்டிக்குக் காவலாக வளரும் நாய்க்கு ஒரு வயது. ஆடுகளிடம் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் வளவில் கோழிக்குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் செத்துக் கிடந்தன.

முதலில் கீரி என்று கூட்டுக்குக் கம்பி வலை அடித்தோம். பிறகு மரநாய் என்று பின்னேரமே கூட்டை மூடினோம். நாய்க்குப் பசியோ என்று சாப்பாட்டையும் கூட்டினோம். பலனில்லை. செத்த குஞ்சை நாயின் கழுத்தில் கட்டச் சொன்னார் பக்கத்து வீட்டு மாமா. அதைச் செய்யாதீர்கள், நாற்றம்தான் மிச்சம்.

அப்புறம்தான் கவனித்தேன்: எந்தக் குஞ்சிலும் பல் பட்ட காயம் இல்லை. இறகு மட்டும் எச்சிலில் நனைந்து ஒட்டியிருந்தது. கீரி என்றால் கடித்திருக்கும், மரநாய் தூக்கிப் போயிருக்கும். இது எங்கள் நாயின் விளையாட்டு! துரத்தி, காலால் அமத்தி, நக்கி, அசையாமல் போனதும் விட்டுவிடுகிறது. துருக்கிக் கங்காலோ பிரனீஸ் மலை நாயோ, காவல் நாய்கள் இரண்டு வயதளவில்தான் நிதானத்துக்கு வரும். குட்டிப் பருவத்தில் பழகிய மிருகங்களோடுதான் எளிதில் ஒட்டும். எங்கள் நாய் பழகியது ஆடுகளோடு மட்டும்.

சரிவந்தது இதுதான். மேய்ச்சலில் களைத்து வந்ததும் கோழிக்கூட்டு வலைக்கு வெளியே கட்டி, பக்கத்தில் இருந்தேன். குஞ்சு சிறகடிக்க, காது நிமிர்ந்தால் ‘வேண்டாம்’. தலையைத் திருப்பினால் அவித்த மீன் துண்டு. கோழிச் சத்தத்திலும் படுத்துத் தூங்கத் தொடங்கிய பிறகே வலையைத் திறந்தேன், அதுவும் கயிறு கையில் இருக்க.

இப்போது குஞ்சுகள் சாவதில்லை. சாப்பாட்டுச் சட்டியை மட்டும் கோழிகள் எட்டாத இடத்தில் வைக்கிறேன். முயல் கூட்டுப் பக்கம் இன்னும் விடவில்லை.