‘நாவல் மாதிரி இல்லை’ என்று எழுதும் முன்: படமான நாவலைப் பற்றிக் கருத்துச் சொல்லும் முறை

பேர்பெற்ற நாவல் ஒன்று படமாகி வந்தால், முதல் காட்சி முடிந்த கையோடு இரண்டு வாக்கியங்கள் கிளம்பிவிடும். ஒன்று, ‘நாவல் மாதிரி இல்லை’. இன்னொன்று, ‘நாவல் படிக்காதவங்களுக்குப் புரியாது’. இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் படிப்பவருக்கு அவற்றால் எதுவும் கிடைப்பதில்லை. எது மாறியது, மாறியதால் எது போனது, போன இடத்தில் எது வந்தது என்ற மூன்றையும் ஒரே ஒரு காட்சியை வைத்துச் சொல்லிவிட்டால் போதும், அது கருத்தாகிவிடும். அதற்கான வழி கீழே. எல்லோருக்கும் தெரிந்த கதை என்பதால் பெரும்பாலும் ‘பொன்னியின் செல்வ’னையே உதாரணமாக எடுத்திருக்கிறோம்.

முதலில் கணக்கைப் போடுங்கள்

கல்கி இதை 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடர்கதையாக எழுதினார். ஐந்து பாகங்களிலும் முறையே 57, 53, 46, 46, 91 அத்தியாயங்கள். மொத்தம் 293. மணிரத்னம் எடுத்த படம் இரண்டு பாகமும் சேர்ந்து ஐந்தரை மணி நேரம், அதாவது சுமார் 330 நிமிடம். வகுத்துப் பாருங்கள்: ஓர் அத்தியாயத்துக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் கிடைக்கும். ‘அந்தக் காட்சியைக் காணோம்’ என்று பட்டியல் போடுவதில் பயனில்லை என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும். இருநூறு காட்சிகள் போகத்தான் வேண்டும். கேட்க வேண்டியது, எந்தக் காட்சிகளை வைத்துக்கொண்டார்கள், ஏன் என்பது.

இன்னொன்றும் இந்தக் கணக்கில் சேரும். தொடர்கதை ஒவ்வொரு வாரமும் வாசகரை ஒரு கொக்கியில் மாட்டி நிறுத்த வேண்டும். அடுத்த வாரம் பழைய கதையைக் கொஞ்சம் நினைவுபடுத்தவும் வேண்டும். பல்லக்குத் திரை விலகுவது, புதரில் ஒரு முகம் தெரிவது, படகு கவிழப் போவது எல்லாம் அந்தத் தேவையில் பிறந்தவை. படத்துக்கு வேண்டியது ஓர் இடைவேளைக் கொக்கியும் ஒரு முடிவும்தான். ‘நாவலில் இருந்த விறுவிறுப்பு படத்தில் இல்லை’ என்று தோன்றினால், உங்களுக்குக் கிடைக்காமல் போனது இந்த வாராந்தரக் கொக்கிகளா என்று முதலில் பாருங்கள். பல சமயம் அதுதான் காரணமாக இருக்கும்.

எல்லாப் படத்துக்கும் இதே கணக்கு ஒத்து வராது. வெற்றிமாறனின் ‘அசுரன்’ (2019) பூமணியின் ‘வெக்கை’ என்ற சிறிய நாவலிலிருந்து வந்தது. அவருடைய ‘விடுதலை’ இரண்டு பாகங்களும் (2023, 2024) ஜெயமோகனின் ‘துணைவன்’ என்ற சிறுகதையை அடிப்படையாகக் கொண்டவை. அங்கே வெட்டியதைத் தேடினால் ஒன்றும் அகப்படாது. சேர்த்தது என்ன என்றுதான் தேட வேண்டும். ஆகவே டைட்டில் கார்டில் நாவல் என்று போட்டிருக்கிறார்களா, சிறுகதை என்றா, வெறும் ‘தழுவல்’ என்றா என்பதைக் குறித்துக்கொண்டு தொடங்குங்கள்.

சரியான பிரதி

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை. அதனால் பல பதிப்பகங்கள் பல அளவில் போட்டிருக்கின்றன. சுருக்கப் பதிப்புகளும் உண்டு. சுருக்கத்தைப் படித்துவிட்டு ‘இது நாவலிலேயே இல்லை’ என்று எழுதி மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிற தவறு. கையில் இருப்பது முழுப் பிரதிதானா என்று அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஐந்தாம் பாகத்தைத் திருப்புங்கள். 91-வது அத்தியாயம் ‘மலர் உதிர்ந்தது’ என்று இருக்க வேண்டும். அதற்குப் பிறகு கல்கியின் முடிவுரை இருக்க வேண்டும். அந்த முடிவுரையை விட்டுவிடாதீர்கள். கதையை இப்படி முடித்துவிட்டீர்களே என்று குறைப்பட்ட வாசகர்களுக்கு ஆசிரியரே பதில் சொல்லும் இடம் அது.

எதை முதலில்?

நாவலைப் படிக்காதவர் படத்தை முதலில் பார்ப்பதே நல்லது. படம் தானாக நிற்கிறதா என்று சொல்லும் தகுதி அவருக்கு மட்டும்தான் உண்டு, அதுவும் ஒரே ஒரு தடவைதான். படித்த பிறகு அந்தக் கண் திரும்ப வராது. ஆகவே படம் முடிந்த அன்றிரவே, யார் யாருக்கு என்ன உறவு, எங்கே குழம்பியது என்று நான்கு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நாளுக்கு ஐந்து அத்தியாயம் என்றால் இரண்டு மாதத்தில் நாவல் முடியும்.

முன்பே படித்தவர்கள் செய்யக்கூடாதது, படத்துக்கு முந்தைய வாரம் ஐந்து பாகத்தையும் புரட்டிவிட்டுப் போவது. தியேட்டரில் உட்கார்ந்து டிக் போட்டுக்கொண்டிருப்பீர்கள். அதைவிட, புத்தகத்தைத் திறக்காமல் மனசில் தங்கிய ஏழு காட்சிகளைத் தாளில் எழுதுங்கள். அப்புறம் புத்தகத்தில் அந்த ஏழை மட்டும் சரிபாருங்கள். சில காட்சிகளைக் கல்கி இரண்டு வரியில் முடித்திருப்பார். நம் நினைவில் விரிந்து நிற்பது தொடருக்கு ஓவியர் மணியம் வரைந்த சித்திரமாக இருக்கும். படம் எந்த நினைவோடு மோதுகிறது என்பது அப்போது விளங்கும்.

நேரமே இல்லையென்றால் முதல் பாகத்தில் 1 முதல் 8 வரை, 51 முதல் 57 வரை, நான்காம் பாகத்தின் இறுதிப் பகுதி, கடைசி அத்தியாயம், முடிவுரை. இவ்வளவாவது படித்துவிட்டுப் பேசுங்கள்.

ஒரு காட்சிக்கு நான்கு கேள்வி

ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். யார் கண்ணால் பார்க்கிறோம்? அந்த நேரத்தில் நமக்கு எவ்வளவு தெரியும்? கதையில் அந்தக் காட்சி செய்யும் வேலை என்ன? படத்தில் அந்த வேலையை எது செய்கிறது?

தொடக்கத்தை வைத்தே செய்து பார்க்கலாம். நாவல் ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று, வீரநாராயண ஏரிக்கரையில், குதிரை மேல் வரும் வந்தியத்தேவனோடு தொடங்குகிறது. அவனுக்குச் சோழ அரசியல் முழுதாகத் தெரியாது, நமக்கும் தெரியாது. கடம்பூர் மாளிகையின் நடுநிசிக் கூட்டத்தை அவனோடு சேர்ந்து நாமும் ஒளிந்து கேட்கிறோம். பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனை நேரில் பார்ப்பது முதல் பாகம் முடியப்போகும் தறுவாயில், மாமல்லபுரத்தில். நந்தினி மேல் அவனுக்கிருந்த காதலையும், பாண்டிய மன்னன் வீரபாண்டியன் தலையை அவன் வெட்டியதையும், அவனே நண்பன் பார்த்திபேந்திரனிடம் அத்தியாயக் கணக்கில் வாயால் சொல்கிறான்.

படமோ கரிகாலனின் போர்க்களத்தில் தொடங்குகிறது. யார் வீரன், யாருக்குள் என்ன நெருப்பு என்பது சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. இளம் வயது நந்தினி–கரிகாலன் கதையை இரண்டாம் படத்தின் ஆரம்பத்தில் யாரும் வாயால் சொல்லவில்லை, கண்ணால் காண்கிறோம். இதில் லாபம் பெரிது: நாவலில் கேள்விப்பட்ட காதல் இங்கே நடக்கிறது. நஷ்டமும் உண்டு: ஒன்றும் தெரியாத ஒரு வாலிபனோடு ஊர் ஊராகப் போய் ரகசியத்தைக் கண்டுபிடிக்கும் இன்பம் குறைந்துவிட்டது. இந்த இரண்டையும் சேர்த்து எழுதினால், ‘நாவல் மாதிரி இல்லை’ என்ற வரி தேவைப்படாது.

ஒருவரை உருவினால் எதெல்லாம் சரியும்

இதுதான் அதிகம் கவனிக்காமல் விடப்படுவது. நேரத்தை இங்கே செலவிடுங்கள். படத்தில் மணிமேகலை இல்லை. ‘மணிமேகலையைக் காணோம்’ என்று ஒரு வரியில் முடிக்காமல், அவளைப் பிடித்து இழுத்தால் எந்தெந்தக் கயிறு கூட வருகிறது என்று பாருங்கள்.

நாவலில் அவள் கடம்பூர் இளவரசன் கந்தன்மாறனின் தங்கை. கடம்பூரில் கரிகாலன் இறக்கும்போது விளக்கு அணைந்து இருட்டாகிவிடுகிறது. யார் கையால் என்பதைக் கல்கி வேண்டுமென்றே மறைக்கிறார். ‘நான் கொன்றேன்’ என்று மணிமேகலை முன்வருகிறாள். பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. கடைசியில் உதிரும் மலரும் அவள்தான். ஆக, அவளை எடுத்தால் கொலையைச் சுற்றிய குழப்பத்தில் ஓர் அடுக்கு போகிறது, வந்தியத்தேவனைக் காப்பாற்றத் துடிக்கும் ஒரு மனசு போகிறது, நாவலின் முடிவே போகிறது. பதிலுக்கு, கடம்பூர் அறையில் கரிகாலனும் நந்தினியும் தனியாக நிற்கிறார்கள். விக்ரம், ஐஸ்வர்யா ராய் இருவரின் முகமும் அந்தக் காட்சியை முழுதாகத் தாங்குகின்றன; மூன்றாவது ஆள் இருந்திருந்தால் அந்த இறுக்கம் வந்திருக்காது. கடம்பூரில் இது லாபம், முடிவில் நஷ்டம் என்பது எங்கள் தீர்ப்பு. படம் ஒரு மகுடத்தோடு நிற்கிறது. நாவல் ஒரு பெண்ணின் உயிரோடு நிற்கிறது. அந்தக் கனம் படத்தின் கடைசிக் காட்சிகளில் இல்லை.

இதே மாதிரி சேந்தன் அமுதனையும் இழுத்துப் பாருங்கள். நாவலில் பூக்குடலையோடு தேவாரம் பாடித் திரியும் பிள்ளைதான் உண்மையான மதுராந்தகன்; மகுடம் அவனுக்குப் போகிறது. படத்தில் அந்த முடிச்சே இல்லை. ஏற்கெனவே நாம் பார்த்த மதுராந்தகனுக்கே கரிகாலனின் தம்பி அருள்மொழி மகுடத்தைக் கொடுக்கிறார். அமுதனை மணக்கும் படகுக்காரப் பெண் பூங்குழலி அரசியாவதும் இதோடு போயிற்று.

‘வரலாற்றைத் திரித்துவிட்டார்கள்’

இதை எழுதும் முன் மூன்று அடுக்கைப் பிரியுங்கள்: கல்வெட்டும் செப்பேடும், நாவல், படம். உடையார்குடிக் கல்வெட்டு கரிகாலனைக் கொன்றவர்களாக ரவிதாசன், சோமன், பரமேசுவரன் முதலானோரைச் சொல்லி, அவர்களைச் சேர்ந்தவர்களின் சொத்தைப் பறிமுதல் செய்வதைப் பேசுகிறது. சிற்றப்பன் உத்தம சோழனுக்கு (கதையின் மதுராந்தகன் இவர்தான்) அருள்மொழி அரசை விட்டுக்கொடுத்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் சொல்கின்றன. நந்தினி கல்கியின் கற்பனை. சேந்தன் அமுதன்–மதுராந்தகன் ஆள் மாறாட்டமும் கல்கியின் கற்பனை. அதைப் படம் விட்டுவிட்டதால் படம் செப்பேட்டுக்கு நாவலைவிட ஒரு படி பக்கத்தில் வந்துவிட்டது! நாவலிலிருந்து விலகுவதும் வரலாற்றிலிருந்து விலகுவதும் ஒன்றென்று நினைப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

சேர்த்ததை எடைபோடுவது

‘வெக்கை’யில், அண்ணனைக் கொன்றவனின் கையை வெட்டப் போன பதினைந்து வயதுச் சிதம்பரம் அவன் உயிரையே எடுத்துவிடுகிறான். பிறகு அப்பாவும் மகனும் காட்டில் ஒளிந்து திரிவதுதான் நாவல். சாதிப் பெயரை நாவல் சொல்வதில்லை. படம் பார்வையை மகனிடமிருந்து அப்பாவுக்கு மாற்றுகிறது. அவருக்கு ஒரு முன்கதை தருகிறது. பஞ்சமி நிலத்தை, அதாவது ஆங்கிலேயர் காலத்தில் தலித் மக்களுக்கென்று ஒதுக்கிய நிலத்தை, நேராகப் பேசுகிறது. இங்கே கேட்க வேண்டியது: சேர்த்த பகுதி இல்லாவிட்டால் படத்தின் முன்பாதி நிற்குமா? நிற்கும். முன்கதை வந்ததால் கோபத்துக்குக் காரணம் கிடைத்தது. ஆனால் காட்டில் அப்பா மகனுக்குச் சமைத்துப் போட்டு, மெதுவாகப் பேசிக்கொண்டே நடக்கும் அந்த நிதானத்துக்கு இடம் சுருங்கியது. இரண்டையும் எழுதுங்கள்.

எழுதும்போது

முந்நூறு சொல் போதும். முதல் ஐம்பதில் நீங்கள் நாவல் படித்தவரா, படத்தை எத்தனை தடவை பார்த்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள். அடுத்த இருநூறு ஒரே காட்சிக்கு. மீதியில் நடிப்பு, இசை, ஒளிப்பதிவு. வசூல் எண்ணை வாதமாக வைக்காதீர்கள். அது தழுவலைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

‘நாவலின் ஆன்மா படத்தில் இல்லை’ என்று கை தன்னால் எழுதும். அந்த வரியை அடித்துவிட்டு, எந்தக் காட்சியில் அப்படித் தோன்றியது என்று எழுதுங்கள். காட்சி நினைவுக்கு வரவில்லையென்றால் அந்த வரி வேண்டாம்.

முடிச்சுகளை உடைக்கும் பகுதி வந்தால், அதற்கு முன் தனி வரியில் எச்சரிக்கை போடுங்கள். தலைப்பில் மட்டும் போட்டால் போதாது. பலர் நடுவிலிருந்துதான் படிக்கிறார்கள். நாவல் எழுபது வருடப் பழசு என்றாலும், இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு முதல் பாகத்தை இன்று காலைதான் கையில் எடுத்தவர் ஒருவர் இருப்பார். மணிமேகலையின் முடிவை அவர் கல்கியிடமே படிக்கட்டும்.