களத்திலேயே மண்ணை இனங்காணும் முறை

அஸ்திவாரக் குழியில் கிடைத்த மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்புவதற்கு முன்பே அதைப் பற்றிய ஒரு தீர்மானத்துக்கு வர சிவில் மாணவர் ஒவ்வொருவரும் பழக வேண்டும். அதற்குச் சிறிது நீரும் இரண்டு கைகளும் போதும்.

முதலில் வேர்களும் குப்பையும் கலந்த மேல்மண்ணை அகற்றிவிட்டு, அஸ்திவாரம் அமையவிருக்கும் ஆழத்திலிருந்து மாதிரியை எடுக்கவும். பக்கச் சுவருக்கு முட்டுக்கொடுக்காத ஆழமான குழியில் இறங்கக் கூடாது. எடுத்த மண்ணை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தால், பாதிக்கு மேற்பட்ட துகள்கள் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்பது விளங்கும். தெரிந்தால் அது மணல் அல்லது சரளை. இந்தியத் தர நிர்ணயப்படி 4.75 மி.மீ.க்கு மேற்பட்டது சரளை, அதற்குக் கீழே 0.075 மி.மீ. வரை மணல். இவ்வகையில் குழப்பத்துக்கு அதிக இடமில்லை.

சிக்கல் தொடங்குவது 0.075 மி.மீ.க்குக் கீழே உள்ள மண்ணில்தான். வண்டலும் களிமண்ணும் ஈரத்தில் ஒன்றுபோலவே தோன்றினாலும், பாரம் ஏறும்போதும் நீர் சேரும்போதும் நடந்துகொள்ளும் விதத்தில் பெரிதும் வேறுபடுகின்றன. இவற்றைப் பிரித்தறிய, மண்ணைக் குழைத்து அடைபோல் உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையின் பக்கவாட்டில் மறு கையால் பலமுறை தட்டவும். வண்டலாக இருந்தால் மேற்பரப்பில் நீர் கசிந்து பளபளக்கும். விரல்களால் அழுத்தியவுடன் அந்தப் பளபளப்பு மறைந்து மண் விறைக்கும். தட்டும்போது துகள்கள் நெருங்கி நீரை வெளியேற்றுவதும், அழுத்தும்போது அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி இடைவெளியைப் பெருக்கி நீரை உள்ளிழுப்பதுமே இதற்குக் காரணம். களிமண்ணில் நீர் எளிதில் ஊடுருவாததால் இந்த மாற்றம் தெரியாது.

அடுத்து, அதே மண்ணை 3 மி.மீ. தடிமனுள்ள திரியாக உருட்டிப் பார்க்கவும். களிமண் உடையாமல் திரியாகும். அதை மடித்து மீண்டும் மீண்டும் உருட்டும்போது ஈரம் குறைந்து, ஒரு கட்டத்தில் 3 மி.மீ. தடிமனிலேயே நொறுங்கும். அப்போதுள்ள ஈரப்பதமே பாடத்தில் வரும் நெகிழ் எல்லை. வண்டல் பெரும்பாலும் அந்த அளவுக்கு வருமுன்பே உதிர்ந்துவிடும். காய்ந்த கட்டியை விரலிடையே நசுக்குவதும் நல்ல சோதனை: வண்டல் மாவாகும், களிமண் எளிதில் உடையாது.

இன்னும் ஐயமிருந்தால், கண்ணாடிக் குடுவையில் மண்ணை நீருடன் கலக்கி வைக்கவும். 10 செ.மீ. ஆழ நீரில் மணல் துகள் இறங்க அரை நிமிடம்கூட ஆகாது, 0.002 மி.மீ. களித்துகளுக்கோ ஆறு முதல் எட்டு மணி நேரம் வேண்டும்.

கோவில்பட்டி, விருதுநகர் பகுதிகளின் கரிசலைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மான்ட்மோரிலோனைட் கனிமம் மிகுந்த இம்மண் மழையில் உப்பி, கோடையில் பாளம்பாளமாக வெடிப்பதால், ஆழமில்லாத அஸ்திவாரத்தின் மேலுள்ள சுவரும் விரிசல் விடும். நிறத்தை மட்டும் நம்பலாகாது. மட்கிய பொருள் சேர்ந்த ஏரிச் சேறும் கருமையானதுதான், ஆனால் அதைச் சூடாக்கினால் நாற்றம் வரும். மண் எவ்வளவு உப்பும் என்பதை அறிய, 425 மைக்ரான் சல்லடையில் சலித்து உலர்த்திய மண்ணை 10 கிராம் வீதம் இரண்டு அளவுக் குழாய்களில் இட்டு, ஒன்றில் நீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி 24 மணி நேரம் விடவும். மண்ணெண்ணெயில் மண் உப்பாது என்பதால், நீரில் கூடுதலாகத் தெரியும் கனஅளவை மண்ணெண்ணெயில் உள்ள கனஅளவால் வகுத்து 100ஆல் பெருக்கினால் உப்பல் விகிதம் கிடைக்கும். அது 50ஐத் தாண்டினால், சாதாரண அகல அஸ்திவாரத்தைத் தவிர்த்து, அடியில் குமிழ்போல் அகன்ற பைல்களை (மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் தூண்களை) பரிசீலிப்பது நல்லது.

இச்சோதனைகள் மண்ணின் வகையைச் சொல்லுமே தவிர, அது தாங்கும் பாரத்தைச் சொல்லமாட்டா. அதற்கு 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழச்செய்து ஒரு குழாயை மண்ணுக்குள் இறக்கி, முதல் 15 செ.மீ.யை விட்டு அடுத்த 30 செ.மீ. அக்குழாய் இறங்கத் தேவைப்படும் அடிகளை எண்ணும் சோதனை வேண்டும். களக்குறிப்பில் ஆழம், ஈரநிலையில் உள்ள நிறம், ஒவ்வொரு சோதனையின் விளைவு ஆகியவற்றோடு, குழியில் நீர் ஊறிய மட்டத்தையும் தேதியுடன் எழுதவும். பங்குனியில் உலர்ந்து கிடந்த குழியில் கார்த்திகையில் இடுப்பளவு நீர் நிற்கலாம்.