பிள்ளையின் பெயருக்குத் தபாலில் வந்த வெள்ளிப் பாக்கெட்: லண்டன் பெற்றோருக்குச் சில குறிப்புகள்

நான் லண்டனில் மருந்தகக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவள். வரிசையில் ஆள் குறைந்த நேரம் பார்த்து வரும் தமிழ் அம்மா அப்பாக்கள் பிள்ளையின் பெயருக்குத் தபாலில் வந்த, போதைப்பொருளோ என்று பயப்படுகிற ஒரு பாக்கெட்டைக் கைப்பையிலிருந்து மெல்ல எடுத்து, "தங்கச்சி, இது என்னெண்டு ஒருக்கா பார்த்துச் சொல்லும்" என்பார்கள். பாக்கெட்டைப் பார்த்து நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பிள்ளை அதை எதற்கு வாங்கினான் என்று தெரிந்தால் நிறையச் சொல்லலாம். அந்த 'எதற்கு' என்பதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் குறிப்புகள்.

முதலில் பாக்கெட்டைப் பாருங்கள். பளபளக்கும் உறை, ஜிப் வாய், முன்பக்கம் ஒரு கார்ட்டூன் முகம், பின்பக்கம் பொடி எழுத்தில் 'மனிதர் உட்கொள்வதற்கல்ல'. 2009 வாக்கில் மெஃபெட்ரோன் என்ற கிளர்ச்சியூட்டும் போதைத் தூள் இப்படித்தான் 'செடி உரம்' என்ற பெயரில் இணையக் கடைகளில் விற்றது. ஒரு கிராம் உரம் வாங்கி எவரும் தோட்டம் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. உணவு, மருந்துச் சட்டங்களிலிருந்து விற்கிறவன் நழுவுவதற்காக எழுதிய வரி அது. 2010 ஏப்ரலில் மெஃபெட்ரோனைத் தடை செய்தார்கள். உடனே மூலக்கூறில் ஒரு மூலையை மட்டும் மாற்றி, புதுப் பெயரோடு அடுத்த சரக்கு வந்தது. இந்த ஓட்டப்பந்தயம் வருடக்கணக்கில் நடந்து, கடைசியில் 2016 மே 26 முதல் மது, புகையிலை, மருந்து போன்றவை நீங்கலாக மனத்தை மயக்கும் எந்தப் பொருளையும் விற்பதும் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதும் ஒரேயடியாகக் குற்றமாயின. சும்மா வைத்திருப்பது அந்தச் சட்டத்தில் பொதுவாகக் குற்றமில்லை. ஆனால் ஸ்பைஸ் (கஞ்சாவைப் போல வேலை செய்யச் செய்த செயற்கை ரசாயனங்கள்), மெஃபெட்ரோன் போன்றவை பழைய போதைப்பொருள் சட்டத்தில் பி வகுப்பில் இருக்கின்றன. கையில் இருந்தாலே வழக்கு வரலாம். ஆகவே 'லீகல்' என்று பிள்ளை சொன்னால் நம்பாதீர்கள். அவன் பொய் சொல்கிறான் என்றும் முடிவு கட்டாதீர்கள், விற்றவன் அவனிடம் அப்படித்தான் சொல்லியிருப்பான். அப்புறம், பாக்கெட்டைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். கனடா மாமாவால் இதில் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, ஏன் வாங்குகிறார்கள்? சட்டத்தில் ஓட்டை இருந்ததால் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான். மெஃபெட்ரோன் பரவிய காலத்தில் இங்கே தெருவில் கிடைத்த எக்ஸ்டசி என்ற போதை மாத்திரைகளில் எக்ஸ்டசியே சரியாக இல்லை. 2008இல் கம்போடியாவில், அதற்கு மூலப்பொருளான சாஃப்ரோல் எண்ணெய் 33 டன் பிடிபட்டு எரிக்கப்பட்டது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. கொக்கேயினிலும் கலப்படம். அந்த நேரத்தில் மலிவாக, வீட்டு வாசலுக்கே, சொன்ன வேலையைச் செய்யும் ஒரு தூள் வந்தது. அதனால்தான் தடைக்குப் பிறகும் அது மறையவில்லை, தபாலிலிருந்து தெருவுக்குப் போனது.

இன்னொரு காரணம் சிறுநீர்ப் பரிசோதனை. கஞ்சாவுக்கான சாதாரணச் சோதனையில் ஸ்பைஸ் தெரியாது. சிறைகளில் அது பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். பிள்ளை இப்படிச் சோதனை செய்யக்கூடிய ரயில்வேயிலோ கட்டட வேலையிலோ இருந்தால் இதையும் யோசியுங்கள்.

நம் ஆட்களிடம் நான் அதிகம் காண்பது வேறு. ஈஸ்ட்ஹாமிலோ ஹாரோவிலோ தெருவில் நின்று வாங்கினால் யாராவது ஒரு அன்ரி பார்த்துவிடுவார். பார்சல் என்றால் யாருக்கும் தெரியாது. ஏதோ ரீசேர்ட் வாங்கியிருக்கிறான் என்று நினைத்து அம்மாவே கையில் கொடுப்பார். வாங்கும் பொருளும் பல நேரம் கொண்டாட்டத்துக்கானது அல்ல. பரீட்சைப் பயம், நித்திரையின்மை, படபடப்பு. ஜிபியிடம் (குடும்ப டாக்டரிடம்) போனால் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் இணையத்தில் படபடப்பைத் தணிக்கும் 'வேலியம்' மாத்திரை தேடுகிறார்கள். வருவது பெரும்பாலும் போலி. இப்போது அவற்றில் சிலவற்றில் நிட்டாசீன் என்ற மிக வலுவான செயற்கை ஓபியாய்டு (ஹெராயின், மார்ஃபின் வகைப் பொருள்) கலந்திருக்கிறது. அது மூச்சை நிறுத்திவிடும்.

சிலர் தெரியாமலேயே எடுக்கிறார்கள். பாத் பல்கலைக்கழகத்தார் இங்கிலாந்தின் 38 பள்ளிகளில் பறிமுதலான 596 வேப்களைச் சோதித்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ ஆறில் ஒன்றில் ஸ்பைஸ் இருந்தது. பிள்ளைகள் கஞ்சா எண்ணெய் என்று நினைத்து வாங்கியிருப்பார்கள்.

ஸ்பைஸை ஏன் கஞ்சாவோடு சேர்த்துப் பார்க்கக்கூடாது என்பதைப் பிள்ளைக்கு விளக்க இரண்டு விஷயம் போதும். கஞ்சாவில் மயக்கம் தரும் பொருளான டிஎச்சி, அது மூளையில் போய் ஒட்டும் இடமான ஏற்பியை அரைகுறையாகத்தான் தூண்டும். ஸ்பைஸில் உள்ள ரசாயனங்கள் பல முழுமூச்சாகத் தூண்டும். இரண்டாவது, அந்த 'மூலிகை' வெறும் உலர்ந்த இலை. ரசாயனத்தை அசிட்டோனில் கரைத்து அதன்மேல் தெளிக்கிறார்கள். சாதத்தில் உப்பைச் சரியாகக் கலக்காததுபோல ஓரிடத்தில் ஒன்றுமே இராது, அடுத்த பிடியில் மொத்தமும் இருக்கும். நேற்று ஒன்றும் செய்யாத அதே பாக்கெட் இன்று வலிப்பைக் கொண்டுவரலாம்.

கதைப்பதற்கு சமையலறை வேண்டாம், காரில் போகும்போது நல்லது. முகம் பார்க்கத் தேவையில்லை. "ஏன் இப்பிடிச் செய்தனீ?" என்று தொடங்கினால் "சும்மாதான்" என்று முடியும். "இது உனக்கு என்னத்துக்கு உதவுது?" என்று கேளுங்கள். "நித்திரை வருதில்லை அம்மா" என்று வந்தால் உங்களுக்கு வழி கிடைத்துவிட்டது. "ஃப்ரெண்ட்ஸோட எடுத்துப் பார்த்தனான்" என்றால் அது வேறு கதை, அதற்கு இத்தனை பதற்றம் தேவையில்லை.

மாத்திரைகள் என்றால் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: எவ்வளவு காலமாக, தினமுமா? வேலியம் வகையைத் தினமும் வாரக்கணக்கில் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். கோபத்தில் டாய்லெட்டில் கொட்டிவிட்டு வருகிற அப்பாக்களுக்கு நான் முதலில் சொல்வது, இன்றைக்கே ஜிபியைக் கூப்பிடுங்கள் என்பதுதான்.

எழுப்பியும் எழும்பவில்லை, மூச்சு மெதுவாகக் குறட்டைபோல் வருகிறது, உதடு நீலம், வலிப்பு, நெஞ்சுவலி: இவற்றில் எது வந்தாலும் உடனே 999 அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியே விடாதீர்கள், பாக்கெட்டை ஆம்புலன்ஸ்காரரிடம் கொடுங்கள், என்ன எடுத்தான் என்பதை மறைக்காதீர்கள். அவர்கள் உயிர் காக்க வருகிறவர்கள். ஓபியாய்டாக இருந்தால் அதன் வேலையை முறிக்கும் நலோக்சோன் என்ற மருந்து வேலை செய்யும், நிட்டாசீனுக்கும்தான். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கொடுக்க வேண்டிவரலாம், நலோக்சோனின் வேகம் இறங்கியதும் மூச்சு மறுபடி அடங்கலாம். போதைச் சிகிச்சை நிலையங்களில் அந்த மருந்தைப் பெரும்பாலும் இலவசமாகவே தருகிறார்கள்.

அவசரமில்லாத கேள்விகளுக்கு ஃப்ராங்க் என்ற போதைப்பொருள் ஆலோசனைச் சேவை, 0300 123 6600. பெயர் சொல்லத் தேவையில்லை. ஜிபியிடம் போவதென்றால், முன்பதிவு செய்யும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், உங்கள் செலவில்லை. இங்கிலீஷ் தெரியும் என்பதற்காகத் தங்கையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அவள் முன்னால் அண்ணன் வாய் திறக்கமாட்டான்.